நாலு பென்சில் பேட்டரி கேமரா

“எத்தனை மெகாபிக்சல் சார்?”

2006 வாக்கில் டிஜிட்டல் கேமராவோடு எங்கே போனாலும் முதல் கேள்வி இதுதான். புது பைக்கைப் பார்த்தால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்பதுபோலக் கேட்பார்கள். கல்யாண வீட்டில் கேட்டார்கள், எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் கேட்டார்கள், கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். “ஏழு” என்பேன். புருவம் ஒரு தரம் ஏறி இறங்கும். அதோடு விசாரணை முடிந்துவிடும். லென்ஸ் எப்படி, பேட்டரி எத்தனை நேரம் நிற்கும், இருட்டில் எடுக்குமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அந்தக் கேமராவை நான் ஏழெட்டு வருஷம் விடாமல் பயன்படுத்தியதற்குக் காரணம் அந்த ஏழு மெகாபிக்சல் இல்லை. அட்டைப் பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருந்த சங்கதிகள்தான்.

கேனன் பவர்ஷாட் ஏ620. 2005 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மாடல். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் மைத்துனன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது முஸ்தபா சென்டரில் வாங்கிக்கொண்டு வந்தான். அவன் கேட்டு வாங்கியது மெகாபிக்சலுக்காக இல்லை. “அத்தான், பூச்சி, பூ எல்லாம் பசங்களுக்குப் பெருசா காட்டணும்னு சொல்வீங்கள்ல? இது ஒரு சென்டிமீட்டர் கிட்டப் போய் எடுக்குமாம்.” கடைக்காரனிடம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டானாம்.

அதுவரை எங்கள் வீட்டுக் கேமரா சரித்திரம் சின்னது. அப்பாவிடம் ஒரு அக்ஃபா கிளிக் 3 இருந்தது. ரோலுக்குப் பன்னிரண்டு படம். ஆளை நிறுத்தி, வெயிலைப் பார்த்து, மூச்சைப் பிடித்து அழுத்துவார். பிறகு நான் வாங்கிய கோடக் கேபி10. அதில் 36 படம். ரோல் தீர்ந்தால்தான் கழுவக் கொடுக்க முடியும் என்பதால் தீபாவளிப் படமும் பொங்கல் படமும் ஒரே கவரில் வரும். அப்படிப் பழகிய வீட்டில், எடுத்த படத்தை அதே நிமிஷம் பார்க்கலாம் என்பதை நம்ப என் அம்மாவுக்குக் கொஞ்ச நாளாயிற்று.

கேமராவின் வலது பக்கம் கைப்பிடிபோலப் புடைத்திருக்கும். அழகுக்காக வைத்த புடைப்பில்லை. நாலு பென்சில் பேட்டரியும் அதற்குள்தான் இருந்தன. கேமரா மட்டும் 235 கிராம், பேட்டரியைப் போட்டால் முந்நூற்றைம்பது. சட்டைப் பையில் வைத்தால் சட்டை ஒரு பக்கமாகத் தொங்கும். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டி மாதிரி மெல்லிசாக வந்த கேமராக்களை வைத்திருந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. ஆனால் அந்தக் கனமும் அந்தப் புடைப்பும்தான் கை நடுங்காமல் பிடிக்க உதவின. மெல்லிசுக் கேமராவை இரண்டு விரல் நுனியால் பிடித்து எடுத்த படங்களில் பாதி கலங்கியிருந்ததை நான் பல ஆல்பங்களில் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பெட்டிக்கடையில் கிடைக்கும் மலிவான ரிமோட் பேட்டரியைப் போட்டால் லென்ஸ் வெளியே வந்து, ஃபிளாஷ் ஒரு தரம் அடித்து, உடனே படுத்துவிடும். அந்த வகை செல்லால் ஒரே மூச்சில் அவ்வளவு மின்சாரம் கொடுக்க முடியாது. ஆல்கலைன் தாங்கும், ஆனால் செலவு. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்ற சார்ஜ் ஏற்றும் வகைதான் இதற்குச் சரி. ஒரு தரம் ஏற்றினால் ஐந்நூறு படம் வரை எடுக்கலாம் என்பது கம்பெனிக் கணக்கு. அதிலும் ஒரு தொல்லை: சும்மா வைத்திருந்தாலே ஒரு மாதத்தில் சார்ஜில் கணிசமான பங்கு வடிந்துவிடும். 2005 நவம்பரில் ஜப்பானில் சான்யோ கம்பெனி எனலூப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மாதக்கணக்கில் டிராயரில் கிடந்தாலும் சார்ஜ் அவ்வளவாக இறங்காது. மைத்துனன் அடுத்த தடவை வந்தபோது அதில் இரண்டு ஜோடி, ஆக நாலு, வாங்கி வந்தான். என் பார்வையில் அது கேமராவைவிடப் பெரிய பரிசு.

பின்னால் தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலம் வந்தது. ஒரு மணி நேரம் வரும், இரண்டு மணி நேரம் போகும். தனி பேட்டரி வைத்த கேமராக்காரர்கள் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது எனக்குக் கவலையில்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் சுவர்க்கடிகாரத்தில் ஒன்று, டார்ச்சில் இரண்டு, ரேடியோவில் ஒன்று என்று ஆல்கலைன் செல்லைப் பிடுங்கியாவது பள்ளி ஆண்டு விழாவை முடித்திருக்கிறேன்.

இனி அந்தத் திரை. இரண்டே அங்குலம்; 1,15,000 புள்ளிகள். இன்றைய போன் திரையோடு ஒப்பிட்டால் பரிதாபம். ஆனால் அது கதவுபோல இடது பக்கம் திறக்கும், திறந்தபிறகு மேலும் கீழும் சுழலும். திருவாரூர் தேரன்று கூட்டத்துக்கு மேலே கையைத் தூக்கிப் பிடித்து, திரையைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டு, வடம் இழுக்கிற தலைகளையும் தேர்க்காலையும் ஒரே படத்தில் எடுக்க முடிந்தது. மார்கழிக் கோலங்களைக் குனிந்து தரையில் முகம் வைக்காமலே எடுக்கலாம். குழந்தைகளை எடுக்கும்போது கேமராவை இடுப்புக்கு நேராக வைத்துக்கொண்டு நாம்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கலாம். கேமரா பார்க்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது.

பாட்டிக்கு அந்தத் திரை வேறு விதமாகப் பயன்பட்டது. பாட்டியைப் போட்டோ எடுப்பது என்றால் எங்கள் வீட்டில் பெரிய பாடு. கேமராவைப் பார்த்ததும் கை இரண்டும் முழங்காலில் போய் உட்காரும். முகம் ரேஷன் கார்டு முகமாகிவிடும். ஒரு நாள் திரையை முழுக்கத் திருப்பி அவர் பக்கமாகக் காட்டினேன். தன் முகம் அதில் அசைவதைப் பார்த்தார். முதலில் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முன்நெற்றி முடியைத் தள்ளிவிட்டார். “யார்றா இது கிழவி” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு பல்லில்லாத ஈறோடு படத்தில் அப்படியே விழுந்திருக்கிறது. செல்ஃபி என்ற சொல் எங்கள் ஊருக்கு வருவதற்கு வெகு முன்னால் நடந்தது இது.

சித்திரை வெயிலில் அந்தத் திரையில் ஒன்றும் தெரியாது. அப்போது திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிட்டு, லென்ஸுக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடித் துளை வழியாகப் பார்க்க வேண்டும். துளையில் தெரிவதைவிட அதிகமாகவே படத்தில் விழும். ஓரம் கொஞ்சம் தாராளமாக வரும், அவ்வளவுதான். திரையை மூடினால் பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். விலை மலிவான கேமராவில்கூட அந்தத் துளை இருந்த காலம் அது. பிறகு வந்த மாடல்களில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். திரையைப் பெரிதாக்க இடம் வேண்டியிருந்தது. எனக்கு இன்றுவரை அதில் சம்மதமில்லை.

மெகாபிக்சல் கதைக்கு வருகிறேன். எங்கள் கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் ஒரு நாள் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். “போஸ்ட்கார்டு சைஸ் நாலுக்கு ஆறு இஞ்சு. இஞ்சுக்கு முந்நூறு புள்ளி. ஆயிரத்து எண்ணூறு பெருக்கல் ஆயிரத்து இருநூறு. இருபத்தோரு லட்சத்துச் சொச்சம். ரெண்டு மெகாபிக்சல் போதும் சார். ஏழை வச்சு என்ன பண்ணப்போறீங்க, பேனர் அடிக்கவா?” உண்மையில் பேனருக்கும் ஏழு வேண்டாம். இருபதடி தள்ளி நின்று பார்க்கிற ஃப்ளெக்ஸில் புள்ளி எண்ணுவார் யார்? அவர் கணக்கு சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: புள்ளி மிச்சமிருந்தால், தூரத்தில் எடுத்த படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். தேர் மேல் நிற்கும் குருக்களின் முகத்தை அப்படித்தான் எடுத்தேன்.

வெட்டு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இந்த வகைக் கேமராவில் படத்தின் வடிவம் நாலுக்கு மூன்று. போஸ்ட்கார்டு பேப்பரோ மூன்றுக்கு இரண்டு. பேப்பரை நிறைத்து அடித்தால் மேலும் கீழுமாகப் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். பத்தாம் வகுப்புக் குரூப் போட்டோவை வேறு ஊர் லேப் ஒன்றில் கொடுத்தோம். வந்த பிரிண்டில் பெஞ்சு மேல் நின்ற கடைசி வரிசைப் பையன்களுக்கு நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லை, தரையில் உட்கார்ந்த பெண்களுக்குக் கால் விரல் இல்லை. திரையில் எல்லாரும் முழுசாக இருந்தார்கள். லேப்காரர் “மிஷின் அப்படித்தான் சார் எடுக்கும்” என்று சொல்லிவிட்டார். ஓரத்தில் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் அடிக்கச் சொல்லி மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. அதற்குப்பிறகு தலைக்கு மேல் தாராளமாக வானத்தை விட்டுத்தான் குரூப் போட்டோ.

எண்ணிக்கையைவிட முக்கியமானது அந்தப் புள்ளிகள் உட்கார்ந்திருக்கும் இடம். ஏ620க்குள் இருந்தது சிசிடி என்ற வகைச் சென்சார். அதன் அளவை 1/1.8 அங்குலம் என்று போடுவார்கள். அந்தக் காலத்து டெலிவிஷன் கேமராக் குழாயின் கணக்கு அது. அளந்து பார்த்தால் அகலம் ஏழு மில்லிமீட்டர், உயரம் ஐந்து, அவ்வளவுதான். ஃபிலிம் சட்டம் 36க்கு 24. பரப்பில் இருபது மடங்குக்கும் மேல் வித்தியாசம். இருந்தாலும் இந்த ரகத்தில் அது பெரிய சென்சார்தான். மூன்று நாலு வருஷத்தில் அதைவிடச் சின்னச் சில்லில் பன்னிரண்டு மெகாபிக்சலை நெருக்கித் திணித்துக் கடையில் அடுக்கினார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் விழுகிற வெளிச்சம் குறைந்தது, நிழல் பகுதியெல்லாம் மணல் கொட்டியதுபோல ஆனது. “பன்னிரண்டு” என்று சொல்ல மட்டும் நன்றாக இருந்தது.

என்னுடையதற்கும் இருட்டு ஆகாது. ஐஎஸ்ஓ 50, 100 வைத்தால் படம் தெளிவு. 400தான் உச்சம், அதை வைத்தால் சுவரெல்லாம் புள்ளி. அதனால் இருட்டில் நான் செய்தது நேர் எதிர். ஐஎஸ்ஓவைக் குறைத்து 50இல் வைத்து, கேமராவைத் திண்ணையில் ஒரு புத்தகத்தின் மேல் உட்காரவைத்து, எம் என்ற எழுத்துக்குச் சக்கரத்தைத் திருப்பி, இரண்டு விநாடி டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். ஷட்டரைப் பதினைந்து விநாடி வரை திறந்து வைக்கலாம். கார்த்திகை இரவில் அகல் விளக்கு வரிசையை இரண்டு விநாடி எடுத்தால், சுடரின் மஞ்சள் தூண்வரை ஏறியிருக்கும். நடுவில் குறுக்கே ஓடிய பையன் படத்திலேயே இருக்க மாட்டான். 1.3 விநாடிக்கு மேல் போனால் கேமரா இன்னொரு வேலை செய்யும். படம் எடுத்த அதே அளவு நேரம் ஷட்டரை மூடியபடி ஒரு இருட்டுப் படத்தையும் எடுத்து, அதில் வரும் பொய்ப் புள்ளிகளை முதல் படத்திலிருந்து கழிக்கும். அதுவரை நாம் காத்திருக்க வேண்டும். இத்தனையும் கைக்கு அடங்கின கேமராவில் இருந்ததை நினைத்தால் இப்போதும் மரியாதை வருகிறது. கூடவே ஒரே ஒரு நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கறுப்பு வெள்ளையாக்கும் வித்தை, ஒரு நிறத்தை வேறு நிறமாக்கும் வித்தை என்று சிலதைக் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் ஒரு மத்தியானம் விளையாடினார்கள். அத்தோடு சரி.

ஃபிளாஷ் நாலு மீட்டர் தாண்டாது, பக்கத்தில் இருப்பவரை வெள்ளையடித்துவிடும். அது லென்ஸுக்கு இரண்டு விரல் தள்ளி இருப்பதால் வரும் கோளாறு ஒன்று உண்டு. லென்ஸுக்கு வெகு அருகில் பறக்கும் தூசியில் ஃபிளாஷ் பட்டுத் தெறித்து, படத்தில் வட்ட வட்டமாக வெள்ளை உருண்டைகள் விழும். பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் எடுத்த படத்தில் அப்படி மூன்று உருண்டைகள், மாலை போட்ட அவர் போட்டோவுக்குப் பக்கத்தில் மிதந்தன. ஹோமப் புகையும் சாம்பலும் பறந்துகொண்டிருந்த வீடு. எனக்குக் காரணம் தெரியும். பெரியம்மா படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். “பாத்தியா, வந்துட்டுத்தான் போயிருக்காரு” என்றார். முப்பது வருஷம் அறிவியல் நடத்தின நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு பிரிண்ட் கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

மைத்துனன் எதற்காக வாங்கினானோ, அந்த ஒரு சென்டிமீட்டர் கதைதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரியது. பூ அடையாளம் போட்ட பொத்தானை அழுத்தி, ஜூமைத் தொடாமல் வைத்தால் லென்ஸ் பொருளை முட்டும் அளவுக்குப் போகலாம். முட்டும் அளவு என்பது நிஜமாகவே முட்டும் அளவு. தும்பைப் பூவில் தேன் எடுக்க வந்த எறும்பு நேரே லென்ஸ் விளிம்பில் ஏறி நடந்திருக்கிறது. அவ்வளவு கிட்டத்தில் ஃபிளாஷ் உதவாது. லென்ஸ் குழாயே குறுக்கே நின்று நிழல் போடும். வெயிலுக்கு முதுகைக் காட்டினாலும் நிழல். அதனால் பக்கவாட்டில் வெயில் வரும் காலை எட்டு மணிக்கு வயல் வரப்பில் உட்கார்வேன். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ள ஒரு மாணவன் இருப்பான். சென்சார் சிறியதாக இருப்பதில் ஒரு லாபம் இங்கேதான். பெரிய கேமராவில் இவ்வளவு கிட்டப் போனால் எறும்பின் கண் தெளிந்தால் கால் கலங்கும். இதில் எறும்பு முழுக்கத் தெளிவாக வரும், பின்னால் இருக்கும் பூவும் ஏறக்குறையத் தெரியும்.

நெல் பூக்கும் பருவத்தில் ஒரு கதிரை எடுத்தோம். உமி பிளந்து, ஆறு மகரந்தப் பைகள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. நெல் பூக்கும் என்பதே விவசாயி வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குப் புதுச் செய்தி. கேமராவோடு வந்த ஒயரில் மஞ்சள் முனையை வகுப்பு டி.வி.யில் சொருகி அந்தப் படத்தைப் போட்டேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து வந்து திரையைத் தொட்டு எண்ணினான். பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து யாரும் அப்படி எண்ணியதில்லை.

வீடியோ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 640க்கு 480, விநாடிக்கு முப்பது படம், ஒரு ஜி.பி. நிறைந்தால் தானே நின்றுவிடும், அதற்கு எட்டு நிமிஷம் போதும். எடுக்கும்போது லென்ஸ் ஜூம் ஆகாது. சீரியல் செட் எரியும் பந்தலை எடுத்தால் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் மேலும் கீழும் ஊதாக் கோடு ஓடும். சிசிடிக்கு அது பிறவிக் குணம்.

பிறகு ஒரு நாள், பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். “சார், உங்க கேமராவுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, கம்பெனி கொடுத்தது இல்ல” என்றான். சிஎச்டிகே என்று பெயர். கேனன் கேமராக்களைக் குடைந்து பார்த்த ஆர்வலர்கள் எழுதி இலவசமாக விட்டது. ஏ610, ஏ620 இரண்டும் அதில் முதலில் சேர்ந்தவை. கேமராவுக்குள் எதையும் மாற்றாது. கோப்புகளை மெமரி கார்டில் போட்டு, கார்டின் ஓரத்திலிருக்கும் பூட்டைத் தள்ளி மூடிவிட வேண்டும். பூட்டிய கார்டைப் பார்த்ததும் கேமரா அதிலிருந்து விழித்துக்கொள்ளும். பூட்டைத் திறந்து போட்டால் பழையபடி கம்பெனிக் கேமரா. கம்பெனி பூட்டி வைத்திருந்த பல கதவுகள் அதில் திறந்தன. சென்சாரிலிருந்து வரும் படத்தைச் சுருக்காமல் அப்படியே சேமிக்கலாம். சின்ன நிரல் எழுதி இத்தனை விநாடிக்கு ஒரு படம் என்று எடுக்கவைக்கலாம்.

அந்த ஆடி மாதம் எங்கள் கொல்லையில் நிஷாகந்தி மொட்டு விட்டது. வருஷத்தில் சில இரவுகள்தான் பூக்கும், விடிவதற்குள் தொங்கிவிடும். இருட்டினதும் ஸ்டூல் போட்டு, கேமராவைக் கட்டி, ஒரு டேபிள் லாம்ப்பைச் சாய்த்து வைத்து, நிமிஷத்துக்கு ஒன்றாக எடுக்கவிட்டோம். நடுவில் கரண்ட் போய் வந்தது. அந்த இடைவெளி படத்தில் அப்படியே இருக்கிறது. மூடிய மொட்டு, கறுப்பு, பாதி விரிந்த பூ. எல்லாவற்றையும் கோத்து ஓடவிட்டபோது இதழ்கள் சின்னச் சின்ன உதறலோடு விரிந்தன. நாலு பேட்டரியில் நடந்த காரியம்.

2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் போயின. 2023இல் 80 லட்சத்தைத் தொடவில்லை. நடுவில் என்ன நடந்தது என்பது எல்லார் பையிலும் இருக்கிறது. என் ஏ620உம் போன் வந்தபிறகு பீரோவுக்குப் போயிற்று. அதில் எனக்குப் புலம்பல் இல்லை. இருட்டில் எடுக்க இன்றைய சாதாரண போனே அதைவிட மேல்.

இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பழைய டிஜிட்டல் கேமராவைத் தேடி வாங்குகிறார்கள். சிசிடியின் நிறம் தனி என்று என் தங்கை மகள் வாதாடுகிறாள். எனக்கு நம்பிக்கையில்லை. அந்த ‘லுக்’கில் பெரும்பங்கு நேராக முகத்தில் அடிக்கும் ஃபிளாஷுக்கும், கம்பெனி அன்று நிறத்தைக் கூட்டி வைத்த விதத்துக்கும் உரியது, சென்சாரின் பங்கு கொஞ்சம்தான். ஆனாலும் வாங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. 2002க்கும் 2004க்கும் இடையில் பல கம்பெனிகள் பயன்படுத்திய ஒரு ரகச் சிசிடியில், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் உள்ளிணைப்பு விட்டுப்போகும் குறை இருந்தது. 2005 அக்டோபரிலிருந்து இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். இன்று கொடுக்க ஆளில்லை. திரை கறுப்பாகவோ, கோடு கோடாகக் கலங்கியோ தெரிந்தால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். 2006க்கு முந்தைய மாடல்கள் பலவும் இன்றைய பெரிய மெமரி கார்டுகளைப் படிக்காது, 2 ஜி.பி. அல்லது அதற்குக் கீழே உள்ள பழைய எஸ்.டி. கார்டு ஒன்றைத் தேடிக்கொண்டு பிறகு கேமராவைத் தேடுங்கள்.

வாங்காதவர்களுக்கும் ஒன்று. உங்கள் பீரோவிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். இன்றைக்கே எடுத்துப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே மறந்துவிட்ட ஆல்கலைன் செல் கசிந்தால் வருவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு; தகடுகளை அரித்து வெள்ளையாகப் பூத்துவிடும். பூத்திருந்தால் பஞ்சில் துளி வினிகரைத் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். கார்டையும் உருவி, அதில் இருக்கும் படங்களை வேறு இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.